சிமெண்ட் கலவை இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதும் பாதுகாப்பாக இயக்குவதும்: டர்பன் வீட்டுக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தால் இடம்பெயர்க்கப்பட்ட நம் குடும்பங்களுக்கு டர்பனில் 1960களில் சாட்ஸ்வர்த்திலும் 1970களில் ஃபீனிக்ஸிலும் கிடைத்தவை மிகச் சிறிய நகராட்சி வீடுகளே. அன்று முதல் இன்று வரை அந்த வீடுகளைச் சுற்றிக் கட்டட வேலை ஓய்ந்ததில்லை. ஒரு வீட்டில் பின்னறை எழும்பும், மறு வீட்டில் கார் நிறுத்தும் தளம் போடப்படும், இன்னொரு வீட்டு முற்றத்தில் அம்மனுக்குச் சிறு கோவில் கட்டப்படும். இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டுக்காரரும் உறவினரும் ஓரிரு கூலியாட்களும் சேர்ந்தே முடிக்கிறார்கள். கான்கிரீட் கலப்பதற்கு மட்டும் ஒரு நாள் வாடகைக்கு இயந்திரம் கொண்டுவரப்படுகிறது.

அந்த ஒரு நாள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மாலைக்குள் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் சுழலும் உருளைக்குள் மண்வெட்டி நுழைகிறது, கான்கிரீட்டில் தண்ணீர் கூடுகிறது, கையுறை கழற்றி வைக்கப்படுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இயந்திரம் வாசலுக்கு வருவதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டியவற்றைப் பற்றியது. அவை முடிந்திருந்தால் கலக்கும் வேலை அமைதியாகவும் விரைவாகவும் நடந்துவிடும்.

வேலையை அளந்த பின்னரே இயந்திரம்

முதலில் நாடாவை எடுத்து அளந்து, எத்தனை கன மீட்டர் கான்கிரீட் தேவை என்று கணக்கிட வேண்டும். ஒரு கார் நிறுத்தும் தளம் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 100 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 1.2 கன மீட்டர் வரும். தரை ஒரே மட்டமாக இருக்காது என்பதாலும் சிந்துவது, வீணாவது உண்டு என்பதாலும் பத்தில் ஒரு பங்கு கூட்டி 1.32 கன மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ எடை உள்ளது. அதாவது இந்தச் சிறு தளத்துக்கே மூன்று டன்னுக்கும் மேற்பட்ட பொருளை மனிதக் கைகள் அள்ளிக் கொட்டித் தள்ளிப் பரப்ப வேண்டும். எத்தனை பேர் தேவை என்பதை இந்த எண்ணைப் பார்த்தே முடிவு செய்யலாம். என் கணக்குப்படி நான்கு பேருக்குக் குறையக் கூடாது: பொருள்களை அளந்து போட ஒருவர், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர், தள்ளுவண்டிக்கு ஒருவர், கொட்டியதைப் பரப்பி மட்டம் பார்க்க ஒருவர்.

வீட்டு வேலைகளுக்குப் பொதுவாகப் போதுமான நடுத்தர வலிமைக் கலவை, அதாவது 25 மெகாபாஸ்கல் அளவிலானது, கன அளவில் ஒரு பங்கு சிமெண்ட், இரண்டரைப் பங்கு மணல், இரண்டரைப் பங்கு 19 மி.மீ. ஜல்லி என்ற விகிதத்தில் அமையும். 50 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 33 லிட்டர் சிமெண்ட் இருக்கிறது. கட்டட வேலைக்கான தள்ளுவண்டி ஒன்று 65 லிட்டர் கொள்ளும். ஆகவே இரண்டு மூட்டை சிமெண்டுக்கு இரண்டரை வண்டி மணலும் இரண்டரை வண்டி ஜல்லியும் என்பது நினைவில் வைக்க எளிதான கணக்கு. மூட்டைக்கு ஏறக்குறைய 130 லிட்டர் கான்கிரீட் கிடைக்கும். நம் தளத்துக்குப் பத்து மூட்டை சிமெண்டும், மணலும் ஜல்லியும் ஒவ்வொரு கன மீட்டரும் வாங்கினால் சரியாக இருக்கும்.

இந்தக் கணக்கு முடிந்த பிறகுதான் இயந்திரம் தேவையா என்ற கேள்வியே எழ வேண்டும். வேலிக் கம்பம் நான்கைந்து நடுவதற்கு இயந்திரம் எடுப்பது வீண் செலவு. தகரத்தின் மேல் மண்வெட்டியால் கலந்துவிடலாம். மறுபுறம், மூன்று கன மீட்டரைத் தாண்டும் வேலையை வாடகை இயந்திரத்தால் ஒரே நாளில் முடிக்க நினைப்பது ஆட்களை வதைப்பதாகும். அதற்கு ஆயத்தக் கலவை லாரியை அழைப்பதே முறை. ஆனால் சாட்ஸ்வர்த்தின் செங்குத்தான சந்துகளிலும் இரு வீட்டுக்குப் பொதுவான பாதைகளிலும் லாரி நுழைய முடியாத மனைகள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் தளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு நாட்களில் போடுவது நல்லது. 100 மி.மீ. கனத் தளத்தில் மூன்று மீட்டருக்கு ஒருமுறை இணைப்பு விடுவது எப்படியும் தேவை என்பதால், அந்த இணைப்பையே ஒரு நாள் வேலையின் எல்லையாக வைத்துக்கொள்ளலாம்.

நகராட்சி அனுமதி

1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் தேசியக் கட்டடச் சட்டப்படி, கட்டடம் எழுப்புவதற்கு நகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் வேண்டும். 40 சதுர மீட்டரைத் தாண்டாத கார் கொட்டகை, 10 சதுர மீட்டரைத் தாண்டாத கருவிக் கொட்டில், 1.8 மீட்டரைத் தாண்டாத தனிச்சுவர் ஆகியவை சிறு கட்டட வேலை என்ற வகையில் வருகின்றன. அவற்றுக்கு முழு வரைபடம் இல்லாமலும் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி போதுமானதாக இருக்கலாம், ஆனால் அந்த அனுமதியும் எழுத்தில் வேண்டும். டர்பனை நிர்வகிக்கும் எதேக்வினி நகராட்சியின் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சரிவைத் தாங்கும் சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த பெருமழையில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மேட்டு மனைகளில் மண் சரிந்து வீடுகள் இடிந்தன. தாங்குசுவர் தடுப்பது மண்ணை மட்டுமன்று, மழையில் நனைந்து எடை கூடிய மண்ணையும் அதற்குள் தேங்கிய நீரின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான். அதன் கனம், கம்பி, வடிகால் துளை ஆகியவற்றைப் பொறியாளர் ஒருவர் தீர்மானிக்காமல் அந்த வேலைக்கு இயந்திரம் வாடகைக்கு எடுக்காதீர்கள். 2013 நவம்பர் 19 அன்று டோங்காட்டில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து இருவர் இறந்ததை அப்பகுதியில் இருப்பவர்கள் மறக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்கு ஒப்புதல் பெற்ற வரைபடம் இருக்கவில்லை.

மின்சாரமா, பெட்ரோலா?

வாடகைக் கடைகளில் இரு வகை சாய்வு உருளை இயந்திரங்கள் கிடைக்கும். முதலாவது, 140 லிட்டர் அளவிலான உருளையும் மின்மோட்டாரும் கொண்ட சிறியது. இருவர் தூக்கிப் பக்கி எனப்படும் சிறு திறந்த சுமைவண்டியில் ஏற்றிவிடலாம். இரண்டாவது, 5 முதல் 7 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினும் 260 முதல் 400 லிட்டர் வரையிலான உருளையும் கொண்டது, சக்கரத்தில் நிற்பது, கடைக்காரரே கொண்டுவந்து இறக்குவது நல்லது.

உருளையின் முழு அளவும் கலக்கும் அளவும் ஒன்றல்ல. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் பொருள் புரள்வதற்கு இடமின்றி வெறுமனே சுற்றிவரும், வாயிலிருந்தும் சிந்தும். ஆகவே 140 லிட்டர் இயந்திரத்தில் முழு மூட்டை ஒன்றைப் போட முடியாது. பத்து லிட்டர் வாளியால் ஒரு வாளி சிமெண்ட், இரண்டரை வாளி மணல், இரண்டரை வாளி ஜல்லி என்று போட்டால் 40 லிட்டர் அளவு கான்கிரீட் கிடைக்கும். 1.32 கன மீட்டருக்கு இப்படி 33 முறை கலக்க வேண்டும். 400 லிட்டர் இயந்திரத்தில் முறைக்கு ஒரு மூட்டை வீதம் பத்தே முறையில் அதே வேலை முடியும். தளம் போட நினைப்பவருக்குப் பெரியதையும், செங்கல் கட்டும் சாந்து, பூச்சு வேலை, சிறு அடித்தளம் ஆகியவற்றுக்குச் சிறியதையும் நான் பரிந்துரைப்பேன். சிறிய இயந்திரத்துக்கு வாடகை குறைவு என்று எண்ணித் தளத்துக்கு அதை எடுப்பவர்கள் இரண்டாம் நாள் வாடகையும் கட்டுவதுண்டு.

மின்சார இயந்திரத்தை எடுக்கும் முன் உங்கள் பகுதியின் மின்தடை அட்டவணையைப் பாருங்கள். 2023ஐப் போல் தினமும் பல மணி நேரம் மின்சாரம் நிற்கும் நிலை இப்போது இல்லையென்றாலும், உள்ளூர்ப் பழுதுகள் எப்போதும் நேரலாம். உருளையில் கலவை இருக்கும்போது மின்சாரம் நின்றால், உடனே கையால் சாய்த்துக் கொட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அது உள்ளேயே இறுகத் தொடங்கும். ஜெனரேட்டரில் இயக்க எண்ணுபவர்கள், மோட்டார் தொடங்கும் கணத்தில் அதன் வழக்கமான மின்தேவையைப் போல் பல மடங்கு இழுக்கும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேறு கவலை. அதன் புகையில் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மழைக்கு ஒதுங்குவதற்காக இயந்திரத்தைக் கராஜுக்குள் இழுத்துச் சென்று இயக்குவது உயிரைப் பறிக்கும். கதவு திறந்திருந்தாலும் அது பாதுகாப்பல்ல.

வாடகைக் கடையில் பார்க்க வேண்டியவை

பெரும்பாலான கடைகள் அடையாள அட்டை, முகவரிச் சான்று, முன்பணம் ஆகியவற்றைக் கேட்கும். வாடகை 24 மணி நேரத்துக்கா, கடை மூடும் நேரம் வரைக்கா, வெள்ளிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்தால் எத்தனை நாள் கணக்கு என்பவற்றை முதலிலேயே தெளிவாகக் கேளுங்கள். பெட்ரோல் நிரப்பிக் கொடுக்க வேண்டுமா, கழுவாமல் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், மழையால் வேலை நின்றால் என்ன செய்வார்கள், வீட்டில் இயந்திரம் களவு போனால் பொறுப்பு யாருடையது என்பவையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடைக்காரரின் பொறுப்பைக் குறைக்கும் விதிகள் எளிய மொழியில், உங்கள் கண்ணில் படும்படி எழுதப்பட்டு, உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும். படித்துக் கையெழுத்திட நேரம் கேட்பது உங்கள் உரிமை.

இயந்திரத்தைக் கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்காமல் எடுத்துவராதீர்கள். உருளை சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றுகிறதா, தட்டும் ஓசை வருகிறதா என்று கேளுங்கள். உருளையைச் சுற்றியிருக்கும் பல்வளையமும் அதைச் சுழற்றும் சிறு பற்சக்கரமும் சந்திக்கும் இடம்தான் இந்த இயந்திரத்தின் மிகக் கொடிய இடம். விரல் சிக்கினால் அங்கே திரும்ப எடுக்க எதுவும் மிஞ்சாது. அந்த இடத்தையும் பெல்ட்டையும் மூடும் காப்பு மூடிகள் திருகாணியோடு இறுகியிருக்க வேண்டும். மூடி இல்லாத இயந்திரத்தை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சாய்க்கும் சக்கரத்தின் பூட்டு எல்லா நிலைகளிலும் பிடிக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். உள்ளே கலக்கும் தகடுகள் தேய்ந்தோ பழைய கான்கிரீட் படிந்தோ இருந்தால் கலவை சரியாக வராது. மின்சார இயந்திரமானால் வயர் முழுவதையும் கையில் உருவிப் பாருங்கள். டேப் சுற்றிய இடம் ஒன்றிருந்தாலும் வேறு இயந்திரம் கேளுங்கள். நிறுத்தும் பொத்தான் ஒரே அழுத்தில் வேலை செய்ய வேண்டும். இறுதியாக, கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னிலையில் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு சக்கரங்கள் உள்ள இயந்திரத்தைக் காரின் பின்னால் கட்டிச் சாலையில் இழுத்துச் செல்லக் கூடாது. அந்தச் சக்கரங்கள் முற்றத்தில் நகர்த்துவதற்கானவை. பக்கியில் ஏற்றினால் உருளை வாய் கீழே பார்க்கும்படி வைத்து, நான்கு புறமும் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

முந்திய நாளில் முடிக்க வேண்டியவை

தளத்துக்கான மண்ணை இறுக்கி, பலகைச் சட்டங்களை மட்டம் பார்த்து அடித்து, கம்பி வலை வேண்டுமானால் அதையும் முட்டுக்கல்லின் மேல் நிறுத்தி முடித்திருக்க வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பலகைக்கு ஆணி தேடும் நிலை வரக் கூடாது.

டர்பனில் உம்கேனி ஆற்று மணல் என்று விற்கப்படும் கழுவிய, பருமணல் கான்கிரீட்டுக்கு ஏற்றது. நம் மேட்டு நிலங்களில் தோண்டக் கிடைக்கும் ‘பெரியா’ எனப்படும் செம்மணலில் களிமண் கலந்திருப்பதால் அதை மணலுக்குப் பதிலாகப் போடக் கூடாது. கடற்கரை மணல் அறவே ஆகாது. அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைத்துச் சில ஆண்டுகளில் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். சிமெண்ட் மூட்டையில் 42.5 அல்லது 32.5 என்ற வலிமை வகுப்பு அச்சிட்டிருக்கும். 42.5 வாங்குவதே என் விருப்பம். நம் கரையோரக் காற்றின் ஈரத்தில் மூட்டை விரைவில் கட்டிதட்டும் என்பதால் வேலைக்கு முந்திய நாளே வாங்கி, பலகை மேல் அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். விரலால் நசுக்கியும் உடையாத கட்டிகள் இருந்தால் அந்த மூட்டை கான்கிரீட்டுக்கு உதவாது.

மணலும் ஜல்லியும் இயந்திரத்திலிருந்து இரண்டு மூன்று அடி எட்டில் குவிந்திருக்கட்டும். குழாயில் தண்ணீர் நின்றுவிடும் நாட்கள் நமக்குப் பழக்கமானவை. ஜோஜோ எனப்படும் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இல்லாதவர்கள் 200 லிட்டர் பீப்பாய் மூன்றை நிரப்பி வையுங்கள். இரண்டு கலவைக்கும் மற்றொன்று கழுவுவதற்கும் கண்ணைக் கழுவ வேண்டிய அவசரத்துக்கும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மே முதல் ஜூலை வரை மழை குறைவு, வெயிலும் கடுமையில்லை. தளம் போட இதைவிட நல்ல காலம் டர்பனில் இல்லை. ஆகஸ்ட் மாதக் காற்று மேற்பரப்பு நீரை உறிஞ்சி, மெழுகிய சில மணி நேரத்திலேயே மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். புரட்டாசி தொடங்கும்போது மழையும் தொடங்கிவிடும். கோடையில் செய்வதானால் காலை ஆறு மணிக்கே தொடங்கிப் பத்து மணிக்குள் கொட்டி முடியுங்கள். அண்டை வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது மரியாதையும் ஆகும். பொதுப் பாதையில் அவர் காரை நகர்த்தி வைக்கவும் வாய்ப்பாகும்.

உடை, கை, கண்

ஈரச் சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 12க்கு மேல். தோலில் பட்டவுடன் எரிச்சல் தெரியாது என்பதே அதன் வஞ்சகம். காலணிக்குள் புகுந்த கலவை பல மணி நேரம் தோலோடு ஒட்டியிருந்து, மாலையில் சாக்ஸைக் கழற்றும்போது தோல் வெந்திருப்பது தெரியவரும். முழங்கால் ஊன்றி மெழுகுபவர்களுக்கு இது அதிகம் நேர்கிறது. ஆகவே முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் பூட்ஸ், காரம் ஊடுருவாத ரப்பர் கையுறை, நீண்ட கால்சட்டை, கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி ஆகியவை ஒவ்வொருவருக்கும் வேண்டும். துணிக் கையுறை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் வெறுங்கையைவிட மோசம். மூட்டையைப் பிரித்துக் கொட்டுபவருக்கு எஃப்.எஃப்.பி.2 தூசிக் கவசம் தேவை. மணல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். பெட்ரோல் எஞ்சின் அருகே நிற்பவர் காதடைப்பு அணியட்டும்.

சுழலும் இயந்திரத்தின் அருகே தொங்கும் எதுவும் கூடாது. மேல்துண்டு, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம், பின்னல் ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். காவடிக்கு விரதமிருந்து காப்புக் கட்டியிருப்பவர் அதை அவிழ்க்க மாட்டார், அவிழ்க்கச் சொல்வதும் முறையல்ல. கயிற்றின் நுனியை உள்ளே மடித்து, அதன்மேல் இறுகிய முழுக்கைச் சட்டையும் நீண்ட கையுறையும் அணிந்து, அன்றைக்கு அவர் தளம் பரப்பும் வேலையில் இருக்கட்டும். இயந்திரத்தருகே வேறொருவர் நிற்கலாம்.

50 கிலோ மூட்டையை இருவர் தூக்க வேண்டும். சாலையோரத்தில் நின்று வேலை தேடும் கூலியாள் ஒருவரை ஒரு நாளைக்கு அழைத்துவந்தாலும், அவருக்கும் இதே கையுறையும் பூட்ஸும் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில்சார் உடல்நலப் பாதுகாப்புச் சட்டம், வேலைக்கு அமர்த்துபவர்மேல் தம் பணியாளரின் பாதுகாப்புக்கான பொறுப்பைச் சுமத்துகிறது. வேலை தொடங்கும் முன் எல்லோரும் சேர்ந்து ‘நிறுத்து’ என்பதற்கு ஒரே சொல்லை முடிவு செய்யுங்கள். சூலு பேசுபவர்கள் இருந்தால் ‘யிமா’ என்பது எல்லோருக்கும் புரியும். அந்தச் சொல்லை யார் கத்தினாலும், சிறுவனே கத்தினாலும், இயந்திரம் அக்கணமே நிற்க வேண்டும்.

இயந்திரத்தை நிறுத்துமிடம்

உறுதியான, மட்டமான தரை வேண்டும். சரிவான மனையில் முதலில் ஒரு சிறு மேடையை வெட்டிச் சமன் செய்யுங்கள். கலவை ஏறிய உருளை ஒரு பக்கம் கனத்திருக்கும். சாய்க்கும்போது அந்தக் கனம் முன்னால் பாய்வதால், சரிந்த தரையில் நிற்கும் இயந்திரம் கவிழ்ந்துவிடும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஆனால் இயந்திரத்தைச் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றாதீர்கள். கொட்டும் பக்கம் தள்ளுவண்டி நேராக வந்து திரும்பிப் போகும்படியும், குழந்தைகளும் நாயும் வராதபடி கயிறு கட்டியும் அமைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தை வீட்டின் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிப்பது) வழியாகவே எடுக்க வேண்டும். முதலில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை வேலையைத் தொடங்கக் கூடாது. நீட்டிப்பு வயர் வெளிப்புறப் பயன்பாட்டுக்கானதாக, மூன்று கம்பி உள்ளதாக இருக்கட்டும். சுருளில் சுற்றியிருக்கும் வயரை முழுவதும் அவிழ்த்துப் பரப்புங்கள்; சுற்றியபடியே பயன்படுத்தினால் சூடேறி உருகும். வயரின் இணைப்பு ஈரத்தில் கிடக்கக் கூடாது, தள்ளுவண்டி அதன்மேல் ஏறவும் கூடாது.

கலக்கும் முறை

உருளை வெறுமையாக இருக்கும்போதே இயந்திரத்தைத் தொடங்குங்கள். நிறைந்த உருளையோடு தொடங்கினால் மோட்டார் எரியும் அல்லது பெல்ட் நழுவும். வாய் சற்று மேல்நோக்கிய கலக்கும் நிலையில் உருளை சுற்றட்டும்.

முதலில் அந்த முறைக்கான தண்ணீரில் பாதியையும் ஜல்லி முழுவதையும் போடுங்கள். ஜல்லி உருண்டு உட்சுவரில் ஒட்டியதைச் சுரண்டிவிடும். அடுத்துச் சிமெண்டை, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாகச் சரியுங்கள். பிறகு மணல். கடைசியாக மீதித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, எல்லாம் உள்ளே போன பின் இரண்டு முதல் மூன்று நிமிடம் கலங்க விடுங்கள். நிறம் ஒரே சீராக வந்து, எந்த ஜல்லியும் வெளுத்துத் தெரியாத நிலையே பதம்.

பொருளை வாளியால் அளந்து போடுங்கள், மண்வெட்டிக் கணக்கில் அல்ல; மண்வெட்டியில் ஈர மணல் குவிந்து நிற்கும், சிமெண்ட் வழிந்துவிடும். மழைக்குப் பின் ஈரமான மணல் உப்பிக் கன அளவில் கால் பங்கு வரை கூடித் தெரியும். அந்த நாளில் வாளியைச் சற்றுக் குவித்து அளந்து, தண்ணீரைக் குறைக்க வேண்டும். 15 கிலோ சிமெண்டுக்கு, அதாவது ஒரு வாளிக்கு, மணலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து எட்டு அல்லது ஒன்பது லிட்டர் தண்ணீர் போதும். பரப்புவதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று குழாயைத் திறந்துவிடும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. சிமெண்ட் வேதிவினைக்கு எடுத்துக்கொள்ளாத நீர் பிறகு ஆவியாகி, தான் இருந்த இடத்தை நுண்துளைகளாக விட்டுச் செல்கிறது. அந்தத் துளைகளே வலிமையைக் குறைத்து, மழைநீரைக் கம்பி வரை கொண்டுபோகின்றன. எந்தப் பணத்தாலும் பிறகு சரிசெய்ய முடியாத பிழை இது. கலவை மண்வெட்டியிலிருந்து மெல்லச் சரிந்து விழ வேண்டும், ஓடக் கூடாது. முதல் கலவையில் சரியான அளவைக் கண்டுபிடித்து, வாளியின் உட்புறம் கோடு போட்டு, எல்லாக் கலவைக்கும் அதையே பின்பற்றுங்கள்.

உருளை சுற்றும்போது கை, மண்வெட்டி, கரணை, குச்சி எதுவும் அதன் வாய்க்குள் போகக் கூடாது. உள்ளிருக்கும் தகடு மண்வெட்டியைப் பிடித்தால் அதன் கைப்பிடி நொடியில் திரும்பி, பிடித்தவரின் தாடையிலோ விலாவிலோ அறையும். விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டால் தோள் கழலும். ஒட்டியதைத் தட்ட வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பெட்ரோல் எஞ்சினானால் தீப்பொறிக் குமிழின் (ஸ்பார்க் பிளக்) தொப்பியைக் கழற்றிய பின்னரே கையை நீட்டுங்கள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் அதை விட்டு நகரக் கூடாது, நகர வேண்டுமானால் நிறுத்திவிட்டு நகரட்டும்.

கொட்டும்போது தள்ளுவண்டி தயாராக நிற்கிறதா என்று பார்த்து, இரு கையாலும் சக்கரத்தைப் பிடித்து மெதுவாகச் சாயுங்கள். உருளை சுற்றிக்கொண்டே இருக்கட்டும். பூட்டை விடுவித்ததும் கனம் கையை இழுக்கும் என்பதை முதன்முறை இயக்குபவருக்குச் சொல்லி வையுங்கள். தள்ளுவண்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். 65 லிட்டர் கான்கிரீட் 150 கிலோவுக்கு மேல் கனக்கும், சரிவில் இறங்கும்போது அதைப் பிடிக்க முடியாது. கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் இடத்தில் கொட்டி இறுக்கிவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றிக் குழைத்துப் பயன்படுத்தக் கூடாது.

பெட்ரோல் தீர்ந்தால் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு நிரப்புங்கள். அதற்கான நேரம் தேநீர் வேளையாக அமையும்படி பார்த்துக்கொண்டால் யாரும் அவசரப்பட மாட்டார்கள். ஆனால் அந்த இடைவேளைக்கு முன் உருளை காலியாக, ஒரு வாளித் தண்ணீரால் அலசப்பட்டிருக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

கண்ணில் சிமெண்ட் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, சுத்தமான தண்ணீரால் குறைந்தது இருபது நிமிடம் இடைவிடாது கழுவி, பிறகு நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றி, ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். மஞ்சள், எண்ணெய், வினிகர் எதையும் தடவ வேண்டாம். அவை காரத்தை நீக்குவதில்லை, மருத்துவர் காயத்தைப் பார்ப்பதையும் கடினமாக்கும். கை சிக்கியிருந்தால் உருளையைப் பின்னோக்கித் திருப்ப முயலாமல் இயந்திரத்தை நிறுத்தி உதவிக்கு அழையுங்கள். மின்அதிர்ச்சியானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வரை அவரைத் தொடாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. இந்த இரு எண்களையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கழுவுதலும் திருப்பிக் கொடுத்தலும்

கடைசிக் கலவை வெளியேறியவுடன், அரை வாளி ஜல்லியும் ஒரு வாளித் தண்ணீரும் போட்டு ஐந்து நிமிடம் சுற்ற விடுங்கள். அதைக் கொட்டிவிட்டு மீண்டும் ஒருமுறை சுத்தமான தண்ணீரால் அலசுங்கள். வெளிப்புறத்தை நிறுத்திய இயந்திரத்தில், பிளக் பிடுங்கிய நிலையில், ஈரத்துணியாலும் தூரிகையாலும் துடையுங்கள். மோட்டார்மேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். உருளையைச் சுத்தியலால் அடித்தால் தகடு நசுங்கி, முன்பணத்திலிருந்து அதற்கும் பிடிப்பார்கள்.

கழுவிய நீர் தெருவோர மழைநீர் வடிகாலில் போகக் கூடாது. சாட்ஸ்வர்த்தின் வடிகால்கள் உம்ஹ்லதுசானா, உம்லாஸ் ஆறுகளில் சேர்கின்றன. அந்தக் காரநீர் மீனைக் கொல்லும், வடிகாலுக்குள் சிமெண்டும் படிந்து இறுகும். மனைக்குள் ஒரு குழி தோண்டி, பிளாஸ்டிக் விரித்து அதில் ஊற்றுங்கள். வண்டல் இறுகியதும் உடைத்து இடிபாடுகளோடு போட்டுவிடலாம்.

திருப்பிக் கொடுக்கும்போது மீண்டும் படமெடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, முன்பணம் எப்போது வரும் என்று எழுதி வாங்குங்கள்.

இயந்திரம் போன பிறகு தளத்துக்குச் செய்ய வேண்டியது ஒன்று மீதமிருக்கிறது. மெழுகி முடித்து, விரல் பதியாத அளவுக்கு இறுகியதும், ஈரச் சாக்கையோ பிளாஸ்டிக் தாளையோ விரித்து, ஓரங்களைச் செங்கல்லால் அழுத்தி, ஏழு நாள் முழுவதும் ஈரம் காயாமல் காத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் அதன்மேல் நடக்கலாம், காரை மட்டும் 28 நாள் வரை தெருவிலேயே நிறுத்துங்கள்.